காற்று நாட்களில் வேளைக்கு வந்த பிள்ளை

எழுத்து எனக்கு வரிசையாக வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. முன்னால் நடந்ததைப் பின்னாலும், பின்னால் நடந்ததை முன்னாலும் வைத்துவிடுவேன். மாதமும் திகதியும் என் நினைவில் நிற்பதில்லை. அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது, அடுப்பில் என்ன கறி இருந்தது, இவைதான் நிற்கும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆட்களின் பெயரை எழுதவில்லை. ஊரின் பெயரையும் எழுதவில்லை. மன்னார்ப் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி ஒரு கத்தோலிக்கக் கோயிலும் அதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடமும் உள்ள ஊர்கள் பல இருக்கின்றன. அவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கிறேன். என் வீட்டுக்காரர் கடலோடு போன பிறகு கிடைத்த வேலை. பின் மதிலோடு தகரக் கூரை போட்ட ஒரு கொட்டில், மூன்று கல் அடுப்பு, இரண்டு பெரிய கிடாரங்கள். எனக்கு ஆட்களோடு பேச வராது. ஆண் வாத்திமார் அடுப்படிக்கு வந்தால் புகைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். பிள்ளைகளோடு மட்டும் பேசுவேன். அவர்கள் என்னைச் சமையல் அன்ரி என்று கூப்பிடுவார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், அல்லது ஐந்தாகவும் இருக்கலாம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு ரீச்சர் வந்தா. பாடம் எடுக்கிற ரீச்சர் இல்லை. பிள்ளைகளுக்கு வீட்டில், வெளியில் ஏதும் பிரச்சினை என்றால் கேட்டு உதவி செய்கிறவ என்று அதிபர் காலைக் கூட்டத்தில் சொன்னார். வவுனியாப் பக்கத்து ஆள். கிழமையில் மூன்று நாள் எங்களிடம், இரண்டு நாள் வேறு பள்ளிக்கூடத்தில். பந்தும் வலையும் போட்டு வைத்திருந்த சின்ன அறையை ஒதுக்கி அவவுக்குக் கொடுத்தார்கள். ஒரு மேசை, இரண்டு கதிரை. கதவுக்குச் சீலை வேண்டும் என்றா. என்னிடமிருந்த பச்சைப் பூப் போட்ட பழைய சீலையை மடித்துத் தைத்துக் கொடுத்தேன். வெளியில் ஒரு கடதாசியும் ஒட்டினா, ‘உங்கள் பிரச்சினையை இங்கே சொல்லலாம்’ என்று. மூன்றாம் நாள் அதை ஆடு தின்றுவிட்டது.

அந்த அறைக்கு ஒரு பிள்ளையும் போகவில்லை. பெடியன்கள் அதற்கு விசர் அறை என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒருநாள் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சும்மா எட்டிப் பார்த்ததற்கே, “என்னடி, கழண்டதை இறுக்கப் போறியோ?” என்று விறாந்தை முழுக்கக் கேட்கக் கத்தினார்கள். அன்று பின்னேரமே அந்தப் பிள்ளையின் தாய் வந்து, “என்ர பிள்ளைக்கு ஒண்டும் நடக்கேல்ல ரீச்சர், அவவை அந்த அறைக்குள்ள கூப்பிடாதேங்கோ, நாளைக்கு ஒரு கலியாணம் காட்சி எண்டு வந்தால் ஆர் பதில் சொல்லுறது?” என்று சொல்லிவிட்டுப் போனா. அறைக்குள் போன பிள்ளை என்றால் கெட்டுப்போன பிள்ளை. ஊர் அப்படித்தான் கணக்குப் போட்டது.

ரீச்சர் தனிய இருந்து பார்த்துவிட்டு என் கொட்டிலுக்கு வந்தா. நான் சுளகில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அடம்பன் பக்கத்திலிருந்து வந்த சிவப்பரிசி. நல்ல அரிசிதான், ஆனால் அந்த முறை கல் அதிகம். தானும் பொறுக்குகிறேன் என்று பலகையை இழுத்துப் போட்டு இருந்தா. அதைக் கண்டு இரண்டு பெண் பிள்ளைகள் வந்தார்கள். அடுத்த நாள் ஐந்து பேர்.

“ரீச்சர், கல்லை எறியச் சொன்னா நீங்கள் அரிசியை எறிஞ்சு கல்லை வைக்கிறீங்கள்.”

“அப்ப இண்டைக்கு உங்களுக்குக் கல்லுச் சோறுதான்.”

“அன்ரி, ரீச்சருக்குத் தனியாக் கண்ணாடி வாங்கிக் குடுங்கோ!”

இப்படித்தான் தொடங்கியது. கல் பொறுக்குகிற சாட்டில் பிள்ளைகள் வருவார்கள். கை சுளகில் இருக்கும், கண் அரிசியில் இருக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை. வாய் தானாகப் பேசும். பஸ்ஸில் இடிக்கிறவனைப் பற்றிச் சொல்வார்கள். மாதச் சுகவீனம் பற்றிக் கேட்பார்கள். ரீச்சர் தலையை நிமிர்த்தாமல் பதில் சொல்லுவா. ஆருக்கும் தனியாகப் பேச வேண்டியிருந்தால் பாத்திரம் எடுத்து வைக்கிற மாதிரி அந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போவா. ஒரு வருஷம் அரிசியில் கல் இல்லாத நாளிலும் நாங்கள் பொறுக்கினோம்.

நான் சொல்ல வந்த பிள்ளையை ரீச்சருக்கு முன்பே அறிவேன். ஒன்பதாம் வகுப்பு. தாய் குவைத்தில் வீட்டு வேலை. தகப்பன் விட்டுப் போய்விட்டான். அவளும் இரண்டாம் வகுப்புப் படித்த அவளுடைய தங்கச்சியும் தாயின் தங்கச்சி வீட்டில் இருந்தார்கள். சித்தப்பன் ஊரில் பெரிய ஆள். சொந்தமாக நாலு படகு வைத்து ஆட்களைக் கடலுக்கு அனுப்புகிற சம்மாட்டி. அவர் தொழிலுக்குப் போகமாட்டார், கரையில் நின்று மீனை எடுப்பார். என் மகனும் அவருடைய படகில்தான் போகிறான்.

எங்கள் கோயிலில் காலைப் பூசைக்கு இரண்டு மணி அடிப்பார்கள். முதல் மணி எழும்புகிறதற்கு. இரண்டாம் மணி வீட்டை விட்டு வெளிக்கிடுகிறதற்கு. சித்தி ஒரு நாளும் பூசை தவறமாட்டா. நான் முதல் மணிக்கே கொட்டிலுக்கு வந்து விறகை எரிய விடுவேன். சில நாட்களில் இரண்டாம் மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளை தங்கச்சியைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வேகமாக வருவாள். தங்கச்சி பாதி நித்திரை. அவளை அரிசிச் சாக்கில் படுக்க வைத்துவிட்டு, “அன்ரி, கழுவ ஏதும் இருக்கோ?” என்பாள். முதல் நாளே கழுவிக் கவிழ்த்த கிடாரத்தை எடுத்துச் சாம்பல் போட்டு மறுபடியும் தேய்ப்பாள்.

“ஏன் பிள்ளை இவ்வளவு வேளைக்கு வாறாய்? பள்ளிக்கூடம் தொடங்க இன்னும் எவ்வளவு நேரம் கிடக்குது.”

“சும்மா அன்ரி.”

எல்லா நாளும் வரமாட்டாள். எந்த நாளில் வருகிறாள் என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. கச்சான் காற்று அடித்துக் கடல் எழும்பிக் கிடக்கிற நாட்களில் வருவாள். அந்த நாட்களில் படகு இறங்காது. படகு இறங்கியிருந்தால் விடியச் சம்மாட்டி கரையில் நிற்பார். இறங்காவிட்டால் வீட்டில் நிற்பார். சித்தியோ காற்றடித்தாலும் மழை பெய்தாலும் பூசைக்குப் போய்விடுவா.

விளங்கிய அன்று நான் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். விளங்காத மாதிரி இருந்துவிடலாம் என்றும் நினைத்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பிறகு ஒரு காற்று நாளில், கிடாரத்துக்குள் தலையை விட்டுத் தேய்த்தபடியே அவள் சொன்னாள்: “அன்ரி, சித்தி பூசைக்குப் போற நேரம் எனக்குப் பயம். சித்தப்பா நல்லவர் இல்லை.” குரல் கிடாரத்துக்குள்ளிருந்து வந்தது. அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. எனக்கு என்ன வெட்கம் என்று இப்போது என்னையே கேட்கிறேன்.

“ரீச்சரிட்டச் சொல்லு பிள்ளை,” என்றேன்.

“ரீச்சர் ஆருக்கும் சொல்லுவாவோ?”

“ஆருக்குச் சொல்லப் போறா?”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

இந்த இடத்தில்தான் நான் பிழை விட்டேன். நான் படித்த ஐந்து வகுப்பில் பாதி ஞானோபதேசம். முதல் நற்கருணை எடுக்கிற புதுநன்மைக்கு எங்களை ஆயத்தம் செய்த சிஸ்டர் ஒரு காரியத்தை நூறு தரம் சொல்லித் தந்தா. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது அதைக் கேட்ட குரு சுவாமியோடு மண்ணுக்குள் போகும், ராசா வந்து கேட்டாலும் சொல்லமாட்டார் என்று. கதவு, சீலை, உள்ளே ஒருவர் கேட்க இன்னொருவர் மெல்லச் சொல்வது. அந்த அறையை எனக்கு வேறு எதனோடு ஒப்பிடத் தெரியும்?

“அது பாவசங்கீர்த்தனம் மாதிரி, பிள்ளை. சொன்னது அந்த அறையை விட்டு வெளியில போகாது.”

“சத்தியமா?”

கழுத்தில் கிடந்த செபமாலையைப் பிடித்துக்கொண்டு, “சத்தியமா. நானும் சொல்லமாட்டன், அவவும் சொல்லமாட்டா,” என்றேன்.

அவளும் கத்தோலிக்கப் பிள்ளை. அதற்கு மேல் அவளுக்கு உறுதி தேவைப்படவில்லை. அன்று இடைவேளைக்கு முன்னால் பச்சைப் பூச் சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். பெடியன்கள் ஏதோ கத்தினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பருப்பு வெந்து, சோறு வடித்து, கீரையும் சுண்டி இறக்கிவிட்டேன். இன்னும் வெளியில் வரவில்லை. வந்தபோது முகம் வீங்கியிருந்தது. ஆனால் நடை வேறு மாதிரி இருந்தது, தலையிலிருந்த குடத்தை இறக்கிய ஆளின் நடை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பிறகு காணவில்லை.

ரீச்சர் வந்து முகத்தைக் கழுவிவிட்டு வெறுந்தேத்தண்ணி கேட்டா.

“அம்மா, அந்தப் பிள்ளைக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“ஏன் ரீச்சர்?”

“தொடங்கேக்கையே சொன்னனான், உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்தெண்டால் நான் மற்றாக்களுக்குச் சொல்லத்தான் வேணுமெண்டு. தலையாட்டினது. முழுக்கச் சொல்லி முடிச்சுப்போட்டு, ‘இது பாவசங்கீர்த்தனம்தானே ரீச்சர், அன்ரி சத்தியம் பண்ணித் தந்தவ’ எண்டுது.”

நான் எரிகிற விறகை வெளியில் இழுத்தேன்.

“இதை நான் மறைச்சா நானும் அந்தாளோட சேர்த்திதான் அம்மா. பிள்ளை இண்டைக்கும் அந்த வீட்டதான் போகப்போகுது. நாளைக்கும்.”

ரீச்சர் அதிபரிடம் போனா. அதிபர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் இருக்கிற கந்தோர் அறையின் கூரைக்குத் தகரம் போட்டுத் தந்தது சம்மாட்டி. “கொஞ்சம் பொறுப்பம், ஊர் விசயம், சுவாமியோட கதைச்சுப் பாப்பம்,” என்றாராம். ரீச்சர் பொறுக்கவில்லை. பிள்ளைகளின் காரியம் பார்க்கிற உத்தியோகத்தருக்கு அறிவித்துவிட்டா. அவர்கள் பொலிசுக்கு அறிவித்தார்கள். செய்ய வேண்டியதைத்தான் செய்தா. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

ஆனால் வந்த விதம் பிழை. இடைவேளை நேரம் ஜீப் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. பிள்ளைகள் எல்லாரும் சாப்பாட்டுக் கோப்பையோடு முற்றத்தில் நின்றார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு எழும்பினாள். ரீச்சரைப் பார்க்கவில்லை. பொலிசையும் பார்க்கவில்லை. கொட்டில் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். சரியாக என்னை.

சித்திக்கு ஆள் போய்ச் சொல்லிவிட்டது. ஓட்டமாக வந்தா. அதிபரின் கந்தோருக்கு வழி என் கொட்டிலைத் தாண்டித்தான். பிள்ளையின் மேற்கையைப் பிடித்து நிறுத்தி, மெல்லிய குரலில், சிரித்த முகத்தோடு சொன்னா. நான் விறகுக்குப் பின்னால் நின்றதை அவ காணவில்லை.

“வாயைத் திறந்து பார். உன்னை ஒரு விடுதியிலயும் தங்கச்சியை இன்னொரு விடுதியிலயும் போடுவாங்கள். பிறகு அவளைக் கண்ணாலயும் காணமாட்டாய். கொம்மாவும் குவைத்தில விசர் பிடிச்சுச் சாவாள். உன்ர விருப்பம், ராசாத்தி.”

உள்ளே பெண் பொலிஸ் ஒருத்தி கேட்டா. பிள்ளை சொன்னது இதுதான்: “ஒண்டும் நடக்கேல்ல. சித்தி ஏசினவ, அந்தக் கோவத்தில ரீச்சரிட்டப் பொய் சொன்னனான்.” குவைத்துக்கு எடுத்துத் தாயோடும் பேசினார்கள். தாய் அழுது, “என்ர தங்கச்சியிட்டயே பிள்ளையளை விடுங்கோ, வேற ஆர் எனக்கிருக்கினம்?” என்றாவாம். ரீச்சர் விடவில்லை. சமையல் அம்மாவுக்கும் கொஞ்சம் தெரியும், அவவையும் கேளுங்கோ என்றிருக்கிறா.

என்னைக் கூப்பிட்டார்கள். சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். கதிரையில் இருக்கச் சொன்னார்கள். அதிபரின் முன்னால் கதிரையில் இருந்தது அன்றைக்குத்தான் முதல் தரம். நுனியில் இருந்தேன். யன்னலுக்கு வெளியில் வாங்கில் சித்தியும் பிள்ளையும் இருந்தது தெரிந்தது.

“அம்மா, பயப்பிடாதேங்கோ. இந்தப் பிள்ளை உங்களிட்ட ஏதும் சொன்னதோ?” என்று பெண் பொலிஸ் கேட்டா.

நான் யன்னலைப் பார்த்தேன். பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. கொஞ்சமாக, சித்திக்குத் தெரியாமல். அவள் கண்ணில் எனக்குத் தெரிந்தது அந்தச் சத்தியம் மட்டும். ஒரு தரம் என் வாய் பொய்யாகிவிட்டது, இரண்டாம் தரமும் பொய்யாகக்கூடாது என்றுதான் என் புத்தி ஓடியது.

“இல்லை,” என்றேன்.

“அப்ப என்னத்துக்கு விடிய வெள்ளனவே உங்களிட்ட வாறது?”

“பாத்திரம் கழுவ.”

“ஒவ்வொரு நாளுமோ?”

“சில நாளில.”

எந்த நாளில் என்று அவ கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ தெரியாது. சம்மாட்டியின் படகு எந்தெந்த நாள் இறங்கவில்லை, பிள்ளை எந்தெந்த நாள் வந்தாள் என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான். பிள்ளை வாய் திறக்காவிட்டாலும் அதைச் சொல்ல எனக்கு வாய் இருந்தது. எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். என் சீவியத்தில் நான் வடிவாகப் போட்ட கையெழுத்து அதுதான். ஓர் எழுத்தும் ஆடவில்லை.

ஜீப் போனது. பிள்ளைகள் இரண்டு பேரையும் சித்தி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனா.

பின்னேரம், கிடாரம் கழுவுகிற நேரம்தான் ரீச்சருக்குக் காற்று நாட்களைப் பற்றிச் சொன்னேன். கிடாரத்துக்குள்ளிருந்து அவள் சொன்னதையும் சொன்னேன்.

“இதை அவையளிட்டச் சொல்லியிருக்கலாமே அம்மா.”

“சத்தியம் பண்ணிப்போட்டன் ரீச்சர்.”

“உங்கட சத்தியம் அந்தப் பிள்ளைக்குக் காவல் நிக்கேல்ல அம்மா. அந்தாளுக்குத்தான் நிக்குது.” பிறகு ஏசியதற்கு மனம் வருந்தி என் கையைப் பிடித்தா. “நாளைக்கு வாங்கோ. ரெண்டு பேருமாப் போய் மாத்திச் சொல்லுவம். சொல்லலாம். பிந்தேல்ல.”

ஓம் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

அன்று பொழுது படமுன்னம் என் வீட்டுக்கு ஒரு பெரிய கட்டா மீன் வந்தது. சம்மாட்டி வீட்டிலிருந்து. வேறு ஒரு வார்த்தையும் வரவில்லை. மகன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். “அம்மா, நீங்கள் பேசாமல் இருங்கோ. நாளைக்கு நான் ஆரின்ர படகில போறது? என்ர பிள்ளையள் என்னத்தைத் தின்னுறது?” என்றான். நான் மீனை வெட்டிக் கறி வைத்தேன். நானும் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் காய்ச்சல் என்று சொல்லி வேலைக்குப் போகவில்லை. ரீச்சர் பஸ் நிற்கிற இடத்தில் இரண்டு பஸ்ஸை விட்டு மூன்றாவதில் தனியப் போனாவாம். அவவுடைய சொல்லை மட்டும் வைத்து ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஊரவர்கள் பெட்டிசம் போட்டார்கள். ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கு இல்லாத கதையைச் சொல்லிக் கொடுத்துப் பெயரைக் கெடுக்கிறா என்று. கையெழுத்து வைத்தவர்களில் கல் பொறுக்க வந்த பிள்ளைகளின் தாய்மாரும் இருந்தார்கள். தவணை முடிய ரீச்சரை மாற்றிவிட்டார்கள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டு போனா. கோபம் காட்டவில்லை. “அந்தச் சின்னனைப் பாத்துக்கொள்ளுங்கோ,” என்றா.

மூத்த பிள்ளை அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் வரவில்லை. சித்தி வீட்டில் மறித்துவிட்டா. கருவாடு காய வைக்கிற இடத்தில் அவளைக் காண்பேன். பன்னாடை மாதிரி மெலிந்துபோனாள். நான் பக்கத்தில் போனால் மீனைத் திருப்பிப் போடுகிற சாட்டில் மற்றப் பக்கம் போய்விடுவாள். கோயிலிலும் காண்பேன். பாவசங்கீர்த்தன வரிசையில் ஒரு நாளும் அவளைக் காணவில்லை. ஊர் வேறு எதையும் கவனிக்கும், அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

கல் பொறுக்க ஆரும் வருவதில்லை. ‘அன்ரியிட்டச் சொன்னா பொலிசுக்குப் போகும்’ என்று பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அறைக்குள் மறுபடியும் பந்தும் வலையும். புது ரீச்சர் வருவா என்றார்கள். வரவில்லை. நான் தைத்த சீலை இன்னும் தொங்குகிறது, நிறம் போய்.

இந்த வருஷத் தொடக்கத்தில், மூத்த பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்த கையோடு கலியாணம் பேசி வேறு ஒரு கரைக்கு அனுப்பிவிட்டார்கள். சம்மாட்டிதான் முன்னுக்கு நின்று நடத்தினார். பிள்ளையை வளர்த்துக் கரை சேர்த்த மனிசன் என்று சனம் சொன்னது. கோயில் வாசலில் பெண்ணை வழியனுப்புகிற நேரம் அவள் தங்கச்சியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரிக்கிறதற்கு மூன்று பேர் தேவைப்பட்டது. பாசத்தைப் பார் என்று சனம் கண்ணைத் துடைத்தது.

தங்கச்சி இப்போது ஆறாம் வகுப்பு.

இந்த முறை கச்சான் தொடங்கி, முதல் தரம் படகு இறங்காத நாள். முதல் மணிக்கு நான் அடுப்பைப் பற்ற வைத்தேன். இரண்டாம் மணி அடித்து ஓய்ந்தது. மண்ணில் ஓடி வருகிற கால் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

“அன்ரி, கழுவ ஏதும் இருக்கோ?”

அதே கேள்வி. தமக்கைதான் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டும், எங்கே ஓடவேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று. என்னை நம்பி இல்லை. வேறு இடம் இல்லாததால். மூத்தவள் மறிபட்டு அந்த வீட்டில் இருந்த வரைக்கும் சின்னவள் ஒரு காற்று நாளிலும் தனிய ஓடி வந்ததில்லை. அது ஏன் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

கிடாரத்தைக் கொடுத்தேன். தேய்த்தாள். கை எட்டவில்லை. கிடாரத்தைச் சரித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினேன்.

“என்ன மோனை, வீட்டில ஏதும் கரைச்சலோ?”

கொஞ்ச நேரம் தேய்த்தாள். பிறகு, “சொன்னா ஆருக்கும் சொல்லமாட்டீங்களோ?” என்றாள்.

செபமாலையில் கை போனது. எடுத்துவிட்டேன். இந்த முறை பொய்ச் சத்தியம் பண்ணக்கூடாது என்று நாலு வருஷமாக நினைத்து வைத்திருந்தேன்.

“நான் சொல்லுவன், பிள்ளை. உன்னைக் காப்பாத்த வேணுமெண்டால் சொல்லத்தான் வேணும். சொல்லமாட்டன் எண்டு உனக்குச் சத்தியம் பண்ண ஏலாது.”

கை நின்றது. என்னைப் பார்த்தாள். “ஒண்டுமில்லை அன்ரி,” என்றாள். கையைக் கழுவினாள். சட்டையில் துடைத்தாள். பையைத் தூக்கிக்கொண்டு போனாள். பள்ளிக்கூடம் திறக்கவில்லை, எங்கே போனாள் என்று தெரியாது. பிறகும் படகு இறங்காத நாட்கள் வந்தன. அவள் கொட்டிலுக்கு வரவில்லை. இரண்டாம் மணிக்குப் பிறகு அவள் எங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரியாது. வீட்டிலேயே நிற்கிறாளோ என்றும் தெரியாது.

சுவாமியிடம் போய்க் கேட்டேன். இப்போது இருப்பவர் இளம் ஆள். பொறுமையாகக் கேட்டார். “அந்தப் பாவசங்கீர்த்தன இரகசிய முத்திரை குருவானவருக்கு மட்டுந்தான் அம்மா. உங்களுக்கும் இல்லை, ரீச்சருக்கும் இல்லை. பிள்ளையைக் காப்பாத்த நீங்கள் அண்டைக்கே சொல்லியிருக்கலாம்,” என்றார். அவ்வளவு சின்ன விஷயம். ஒரு வார்த்தையில் முடிந்தது. அதை ஆரும் எனக்கு முன்னமே சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மகனுக்குச் சொல்லாமல் பஸ் ஏறி, பிள்ளைகளின் காரியம் பார்க்கிற கந்தோருக்குப் போனேன். பழைய ஆட்கள் மாறிவிட்டார்கள். மேசையில் இருந்த தம்பி மரியாதையாகக் கதிரை தந்தார். காற்று நாட்களைப் பற்றிச் சொன்னேன். கிடாரத்தைப் பற்றிச் சொன்னேன். முன்னால் கையெழுத்து வைத்தது பிழை என்றும் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர், “எந்தத் திகதி அம்மா?” என்றார். தெரியாது என்றேன். “மாதம்?” கச்சான் காலம் என்றேன். பேனையைக் கீழே வைத்தார். “இந்தச் சின்னப்பிள்ளை உங்களிட்ட என்ன சொன்னது?” ஒன்றும் சொல்லவில்லை என்றேன். “அப்ப, பழையதில வேற மாதிரிக் கையெழுத்து வச்சிருக்கிறீங்கள்,” என்றார், ஏசுகிற மாதிரி இல்லை, யோசிக்கிற மாதிரி. வருவோம் என்றார். கன ஊரை ஒரு ஆளாகப் பார்க்கிறாராம். இன்னும் வரவில்லை.

அதனால்தான் இதை எழுதினேன். இதில் பிழைகள் இருக்கும். ஆட்களுக்கு முன்னால் கேட்டால் எனக்கு இன்னும் குழம்பும். படித்தவர்கள் ஆராவது இதைச் சரி பார்க்க வேண்டும். ஜீப் வந்தது எந்த வருஷம் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கும். படகு இறங்காத நாட்கள் எவை என்று மீனவர் சங்கத்தில் கேட்டால் தெரியலாம். மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் வந்த கடைசி நாள் வரவு எழுதுகிற இடாப்பில் இருக்கும். நான் சொன்ன காற்றையும் அந்தத் திகதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. எங்கே பொருந்தவில்லையோ அங்கே என்னைத் திருத்துங்கோ. ஆனால் கெதியாய், பிந்தாமல் பாருங்கோ. இன்றைக்கும் விடியக் காற்று எழும்பித்தான் கிடந்தது.